எட்டு இடது கால்கள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அடையாறு மைதானத்தில் இருந்தவர்கள்:

சாஃப்ட்பால் மன்றச் செயலாளர் பிரபு, கக்கத்தில் ஃபைலோடு. மார்ச் மாதம் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஃபிரெட்ரிக், கழுத்தில் விசிலோடு. அவருடைய இளைய மகள் ரெனிட்டா, பதினாறு வயது, கையில் பந்தோடு. அவளுக்குப் பின்னால் வரிசையாக ஏழு பெண்கள். எட்டுப் பேரும் பிட்சர்கள், அதாவது பந்து போடுகிறவர்கள். அணியில் மிச்சமிருந்தது ஒரே பிட்சர் இடம். மரத்தடி பெஞ்சில் ஃபிரெட்ரிக்கின் மனைவி பியாட்ரிஸ், மடியில் காபி பிளாஸ்க்கோடு.

யாரும் கூப்பிடாமல் வந்தவள் ஒருத்தி: மூத்த மகள் கரோல். வேலிக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவர்கள் மூவரும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனது வேறு. "இன்னிக்கும் ஆறு மணிப் பூசைக்குப் போறோம். நீ தூங்கு. பத்து மணிக்கு இன்டர்வியூ இருக்கில்ல" என்று மம்மி போர்வையைக்கூட இழுத்துவிட்டுப் போனாள்.

இன்டர்வியூ இதே மைதானத்தில்தான். ஜூனியர் பெண்கள் அணிக்குப் பிட்சிங் கோச் வேண்டும் என்று மன்றம் கேட்டிருந்தது. கரோல் விண்ணப்பித்திருந்தாள். தன்னுடைய பயிற்சி நோட்டுப் புத்தகத்திலிருந்து பதினோரு பக்கம் நகல் எடுத்துச் சேர்த்திருந்தாள். பத்து மணிக்கு ரெனிட்டாவைப் போடவைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. தூக்கம் வரவில்லை. மண் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவைக்கலாம் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

வேலிக் கம்பி வழியாக ரெனிட்டாவின் வலது கை தெரிந்தது. மேலே போய் வட்டமாகச் சுழன்று இறங்கியது. முன்கை இடுப்பை லேசாக உரசியது. மணிக்கட்டு தளர்ந்து கிடந்தது. பந்து பறந்தது. கை தனக்கு இஷ்டப்பட்ட பக்கம் போய் நின்றது.

"பார்த்தீங்களா?" என்றார் ஃபிரெட்ரிக். "பந்தை நீங்க விடக் கூடாது. இடுப்பு தொட்டதும் அதுவா போகணும். நிறைஞ்ச பக்கெட்டைத் தூக்கிட்டு நடக்கிற கை எப்படித் தொங்கும்? அப்படித் தொங்கணும்."

அந்த பக்கெட் கரோலுடையது. வார்த்தைக்கு வார்த்தை.

அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது வேறு பாடம். பந்தை விட்டதும் மணிக்கட்டைச் சொடுக்கு, முழங்கையை மடக்கி கேட்சர் மூஞ்சிக்கு நேரே தூக்கு, தினம் இருநூறு பந்து. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வரை. பத்தொன்பதில் தோள் கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை காதுக்கு மேலே ஏறுவதில்லை. இப்போது இருபத்தாறு. மந்தைவெளியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் மற்றவர்களின் கைகளைத் தூக்கிவிடுவது வேலை.

புது முறை அவள் கண்டுபிடித்ததில்லை. இன்டர்நெட்டில் நூறு வீடியோ கிடக்கிறது. ஆனால் வீடியோவைப் பார்த்து யாரும் கையை மாற்றிக்கொண்டதில்லை. பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு முடிச்சிட்டு, விடாமல் சுற்றவைத்து, பிறகு முட்டி போட்டபடி போடவைத்து, பிறகு எழுப்பி நிறுத்தி, ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் என்று எழுதி, அடித்து, திருப்பி எழுதியது அவள். மூன்று மாதம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்கள் ஃபிளாட்டுக்குப் பின்னாலிருக்கும் சந்தில்.

விசில் ஒலித்தது. வரிசையில் அடுத்த பெண் போட்டாள். அதற்கடுத்தவள். அதற்கும் அடுத்தவள்.

நான்காவது பெண் போடும்போதுதான் கரோலின் பார்வை கையிலிருந்து காலுக்கு இறங்கியது.

எட்டுப் பேரும் இடது காலை முன்னால் வீசி, கடைசி நொடியில் வலப்பக்கமாக உள்ளே இழுத்து, கட்டைவிரல் உள்நோக்கித் திரும்ப ஊன்றினார்கள். யாரோ அந்த இடத்தில் கோலம் போட்டிருப்பதைப் போலவும், அதை மிதிக்கக் கூடாது என்பதைப் போலவும்.

"கால் உள்ளே!" என்று ஃபிரெட்ரிக் கத்தினார். "உள்ளே இழு! அதுலதான் சூட்சுமமே இருக்கு!"

கரோலுக்குச் சிரிப்பு வந்தது.

ஃபிளாட் சந்தில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் சம்ப் மூடி தரையிலிருந்து நான்கு விரல் உயரம். ரெனிட்டாவின் இடது கால் விழ வேண்டிய இடத்தில் சரியாக அந்த மூடி. முதல் வாரமே இரண்டு தடவை கால் பிசகியது. அதனால் அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகினாள். ஒரே நேரத்தில் கையையும் காலையும் திருத்த முடியாது. கை படியட்டும், மைதானத்துக்கு வந்ததும் காலைச் சரிசெய்யலாம் என்று கரோல் விட்டுவைத்திருந்தாள். நோட்டில் அதை எழுதவில்லை. எழுத அதில் ஒன்றுமில்லை. செல்போன் வீடியோவிலும் மூடி தெரியாது. சாயங்கால இருட்டு.

வீடியோக்கள் ரெனிட்டாவின் போனில் இருந்தன. வேறு யார் போனிலும் இல்லை.

அடையாறு மைதானத்தில் சம்ப் எதுவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். இல்லாத ஒரு மூடியை எட்டு இடது கால்கள் தாண்டிக்கொண்டிருந்தன.

கரோல் கேட்டைத் திறந்து உள்ளே போனாள்.

பிரபுதான் முதலில் பார்த்தார். "அட, வாம்மா கரோல்! இந்தத் தோளோட ஏம்மா வண்டி ஓட்டிட்டு வந்தே?"

"தோளுக்கு என்ன சார்?"

"அதான் லெட்டர்ல எழுதியிருந்தியே. மறுபடியும் வலி, டாக்டர் ரெஸ்ட் சொல்லிட்டாரு, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்னு. நாங்களும் என்னடா பண்றதுன்னு முழிச்சோம். கடைசில உங்க அப்பாவே புது முறையைச் சொல்லித்தரேன்னு முன்வந்துட்டாரு. பெரிய மனசு. மூணு நாளா கேம்ப் நடக்குது."

"அந்த லெட்டரைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?"

பிரபு ஃபைலைத் திறந்தார்.

ஒரு பக்கம், நீல மை, சுத்தமான ஆங்கிலம். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரியான காற்புள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து கரோலின் கட்டுரை நோட்டுகளைச் சிவப்பு மையால் திருத்திய அதே கை. மம்மி முப்பது வருடம் ஆங்கில டீச்சர். கீழே 'கரோல்' என்ற கையெழுத்தும் மம்மி போட்டதுதான். ரிப்போர்ட் கார்டில் பிள்ளைகள் அம்மா கையெழுத்தைப் போட்டு மாட்டிக்கொள்வதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த வீட்டில் வழக்கம் தலைகீழாகிவிட்டது.

கரோல் மரத்தடியைப் பார்த்தாள். பியாட்ரிஸ் பிளாஸ்க் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

'சார், இது நான் எழுதினதில்லை.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் விசில் அந்த நிமிடமே கழுத்திலிருந்து இறங்கும். எட்டுப் பெண்கள் முன்னால், மம்மி முன்னால். ரெனிட்டாவை அன்று சாயங்காலம் நடக்கும் அணித் தேர்வுக்கு நிறுத்துவார்களா என்பதும் சந்தேகம்.

"சரிங்க சார்" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஒரு பெண் நொண்டிக்கொண்டு எதிரே வந்தாள். ஒல்லி. தலையில் கட்டிய துணி வியர்வையில் நனைந்திருந்தது. பதினாலு வயதிருக்கும்.

"க்கா, நீங்க மாஸ்டர் பொண்ணு தானே? வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே எதுனா கீதா உங்ககிட்ட?"

"எங்க வலி? உன் பேரென்ன?"

"உம்மே ஹானி. முட்டி உள்பக்கம்க்கா. மூணு நாளா. சார்கிட்ட சொன்னேன், பழகுனா போயிடும்ன்றாரு."

கரோல் குனிந்து விரலால் அழுத்தினாள். கிளினிக்கில் ஒரு நாளைக்குப் பத்து முட்டி பார்க்கிறாள். அழுத்திய இடத்தில் ஹானி "யா அல்லாஹ்" என்று துள்ளினாள்.

"காலை ஏன் உள்ளே இழுக்கிறே?"

"அதான் ஸ்டைலுக்கா. அதுலதான் ஸ்பீடே கீதுன்னு சார் சொல்லிக்கினு கீறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு அவ்வளவா தெரியாது" என்றாள் கரோல். செருப்பின் குதியால் மண்ணில் ஒரு நேர்கோடு கிழித்தாள். "இந்தக் கோட்டு மேல கால் விழட்டும். விரல் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். கையை மறந்துடு. கை நல்லாதான் இருக்கு."

"சார் திட்டுவாரே?"

"திட்டட்டும். ஒரே பந்து."

ஹானி போட்டாள்.

முறை வைத்துக் கேட்சராக உட்கார்ந்திருந்த பெண்ணின் கிளவுஸில் பந்து விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் கிளவுஸைக் கழற்றிக் கையை உதறினாள். "ஏய், கொஞ்சம் மெதுவா போடுடி, எருமை!"

"நான் இன்னாடி பண்ணேன்? அதுவா போச்சு!" என்றாள் ஹானி. முகமெல்லாம் பல்.

ஃபிரெட்ரிக் திரும்பினார். கரோலைப் பார்த்தார். இரண்டு நொடி. பிறகு விசிலைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இங்க எதுக்கு வந்தே?"

"பூசை முடிஞ்சுதா டாடி?"

"எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம். பிள்ளைங்க இருக்கு."

"பேசலாம்."

ரெனிட்டா பத்தடி தள்ளி நின்றாள். அக்காவைப் பார்க்கவில்லை. ஹானியின் காலைப் பார்த்தாள், மண்ணில் கிழித்த கோட்டைப் பார்த்தாள், பந்தைத் திருப்பித் திருப்பித் தையலை விரலால் தேடினாள். கரோல் போய் அவளிடமும் அதையே சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை.

கரோல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மறந்துபோய்க் கிளம்பினாள் என்று யாரும் அவளுக்காக வாதாட வேண்டாம். நன்றாக ஞாபகம் இருந்தது.

அன்று முழுக்க கிளினிக்கில் வேலை செய்தாள். ஒரு பாட்டியல்ல, ஒரு தாத்தாவல்ல, வங்கி மேனேஜர் ஒருவர் கையைத் தூக்கமாட்டேன் என்று அழுதார். தூக்கவைத்தாள். நாலு மணிக்குத் தேர்வு என்று தெரியும். நாலு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரைக்கும் பார்த்தாள். யாரும் போன் செய்யவில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்ததும் யார் தேர்வாகவில்லை என்பது தெரிந்துவிட்டது. டிவி ஓடவில்லை. ரெனிட்டா ஜெர்சியைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அந்த சிந்தாதிரிப்பேட்டைப் பொண்ணு ஹானியை எடுத்துட்டாங்க" என்றார் ஃபிரெட்ரிக். ஈஸிசேரில் உட்கார்ந்து வலது முட்டியில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். "கமிட்டில என்னைத் தவிர எல்லாரும் ஒரே குரல். உனக்குச் சந்தோஷமா?"

"என் பேர்ல லெட்டர் எழுதினது யார் டாடி?"

"அதை விடு."

"மம்மி?"

சமையலறை வாசலில் நின்ற பியாட்ரிஸ் கையைப் புடவையில் துடைத்தாள். "உன் நல்லதுக்குத்தான்டி. சர்டிபிகேட் இல்லாத பொண்ணுக்கு அந்த வேலையைக் குடுப்பாங்களா? வெளி ஆள் யாராவது தட்டிட்டுப் போயிடுவான். டாடி இருந்தா வீட்டுலயே இருக்கும். நீ கிளம்புறதுக்குள்ள வந்து சொல்லிடலாம்னு இருந்தோம். உன்னை அசிஸ்டென்டா போட்டுக்கலாம்னு..."

"இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க மம்மி. பத்து மணிக்கு."

"அவர் மார்ச்லேர்ந்து வீட்டுல எப்படி உட்கார்ந்திருக்காருன்னு நீ பார்க்கலையா? காலைல எழுந்து ஷூ போட்டுட்டு, எங்க போறதுன்னு தெரியாம கழட்டுறாரு."

"பூசைன்னு பொய் சொன்னீங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. போய்க்கலாம்" என்றாள் பியாட்ரிஸ். சொன்ன பிறகு அவளுக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டாள்.

கரோல் பையைக் கீழே வைத்தாள். அப்பாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாடி. அந்த வேலையை நீங்களே வச்சுக்குங்க."

ஃபிரெட்ரிக் தைலம் தடவுவதை நிறுத்தினார்.

"நான் பிரபு சார்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். லெட்டர் நான் எழுதினதாவே இருக்கட்டும். சாக்ஸ், பக்கெட், நோட்டு, எல்லாம் உங்களுது. கால் விஷயத்தையும் சொல்லித் தரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்கு ஏழு வருஷம் சொல்லிக்குடுத்தது தப்பு. அதனாலதான் உன் தோள் போச்சு. இதை மட்டும் உங்க வாயால சொல்லுங்க."

விசில் இன்னும் அவர் கழுத்தில்தான் இருந்தது. அதைக் கழற்றி, கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஒரு உருண்டையாக்கினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க."

"நான் எல்லாரையும் கேக்கலை."

"முறை மாறும்மா. அப்போ அது சரி. இப்போ இது சரி."

"என் தோள்?"

"உனக்குப் பிறவியிலேயே மூட்டு கொஞ்சம் லூஸ்னு டாக்டரே சொன்னாரே."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. கரோலிடம் எல்லா ரிப்போர்ட்டும் இருக்கிறது. அவரும் அவற்றைப் படித்தவர்தான். ஏழு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் போல. மகளின் நோட்டைத் திருடிக்கொண்டு போய் ஊருக்கே புதுப் பாடம் நடத்துவார். பழைய பாடம் தப்பு என்று மட்டும் நாக்கு புரளாது.

அவள் எழுந்தாள்.

"நீ மட்டும் என்ன யோக்கியம்?"

ரெனிட்டா மேஜையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள்.

"வீடியோவை நான்தான் டாடிக்குக் குடுத்தேன். ஆமா. நீ கோச் ஆனா, தங்கச்சின்றதால என்னை எடுக்கச் சொல்லி ஓட்டுப் போட மாட்டேன்னு நீதானே சொன்னே? நேர்மைன்னு சொன்னே. டாடி போடுறேன்னாரு. நான் யாருக்குக் குடுப்பேன்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ரெனி."

"நீ சொன்னியா?" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. "காலை நேரா வைக்கணும்னு உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"காலைல அவகிட்ட சொன்னே."

"சொன்னேன்."

"நான் எங்க நின்னேன்?"

கரோல் வாயைத் திறந்தாள். ஹானியின் முட்டியில் வலி இருந்தது, அதனால் சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. பாதி உண்மை.

"பக்கத்துலதான் நின்னே" என்றாள்.

"உன்னைப் பார்த்துக்கிட்டே நின்னேன்க்கா. வருவேன்னு நினைச்சேன். ஹெல்மெட்டை மாட்டுனே பாரு, அப்பதான் தெரிஞ்சுது." ரெனிட்டா மூக்கை ஜெர்சியின் கையில் துடைத்தாள். "டாடி உன்கிட்டேர்ந்து திருடினாரு. நீ என்னைப் பழி வாங்கினே. எது பெருசுன்னு எனக்குத் தெரியலை."

அப்போது கரோலின் போன் அடித்தது. தெரியாத எண்.

அந்த வீட்டுக்குள் சிக்னல் பிடிக்காது. எடுத்தால் நான்கு வார்த்தையில் அறுந்துவிடும். யாருக்குப் போன் வந்தாலும் கதவைத் திறந்து மாடிப்படி முகப்பில் நின்றுதான் பேசுவார்கள். கரோலும் பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து வெளியே வந்தாள். காலில் செருப்பில்லை. பை உள்ளே இருந்தது. நைட்டி அணிந்த எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்திவிட்டு மாடியிலிருந்து இறங்கிப் போனாள்.

"ஹலோ?"

"ஹலோ, கரோல் டீச்சருங்களா?" ஒரு பெண் குரல். பின்னால் தையல் மெஷின் சத்தம். "நான் அன்வரி பேகம் பேசுறேன்மா. ஹானியோட அம்மி. பிரபு சார்கிட்ட கெஞ்சி உங்க நம்பரை வாங்குனேன். தப்பா எடுத்துக்காதீங்கோ."

"சொல்லுங்க."

"எம் பொண்ணு வந்ததுலேர்ந்து உங்க பேச்சாவே கீது. அந்த சார் மூணு நாள் சொல்லிக்குடுத்தாரு, நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிக்குடுத்துட்டீங்களாமே? அந்த சாருக்கே சொல்லிக்குடுத்தது நீங்கதான்னு இவ சொல்றா. நெசமாம்மா?"

ஆமாம் என்றால் நாளைக்குப் பிரபுவின் காதுக்குப் போகும். இல்லை என்றால் இனி எப்போதும் இல்லைதான்.

"டீச்சர்? இருக்கீங்களா?"

யாரும் அவளை இதற்குமுன் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

"இருக்கேன்" என்றாள். "நெசம்தான்."

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தாள். பூட்டின் நாக்கு ஒரு தடவை திரும்பியது. பிறகு இன்னொரு தடவை.

அதற்குப் பிறகு மேலே, கதவின் உச்சியில், இரும்பு உராயும் சத்தம். அந்த மேல் தாழ்ப்பாளை இந்த வீட்டில் யாரும் போடுவதில்லை. துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். மம்மிக்கு எட்டாது. டாடி அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏற மாட்டார். மிச்சமிருப்பது ஒருத்திதான்.

ஒரு தடவை தள்ளி நின்றது. மறுபடி தள்ளி நின்றது. மூன்றாவது தள்ளலில் போய் விழுந்தது.